பதில் பாட்டுக்கு ஆள் வேண்டும்

அன்புள்ள மகள்,

உன்னுடைய கடிதம் வந்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஈரக் கையோடு வாங்கியதில் முத்திரைப் பக்கம் நனைந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு நின்ற இடத்திலேயே வாசித்தேன். அங்கே நாலு மணிக்கே இருட்டுகிறது என்றும், காலையில் தின்கிற பாண் கறுப்பாகப் புளிக்கிறது என்றும், உன் அறை யன்னலால் ஒரு மரமும் ஒரு சுவரும் தெரிகின்றன என்றும் எழுதியிருந்தாய். இரண்டாம் பக்கத்தின் அடியில், பேனையை அழுத்தி எழுதிய அந்த நாலு வரிகளில் நான் நின்றுவிட்டேன். ஆராய்ச்சிக்கென்று நீ ஒலிப்பதிவு செய்த லீனா அன்ரியின் பாட்டுகளை விட்டுவிடப் போகிறாய். ஒவ்வொரு பாட்டும் பாதியில் நிற்கிறது, அவருக்கு ஞாபகம் போதவில்லை, பாதிப் பாட்டுகளை வைத்து ஆராய்ச்சி செய்ய முடியாது, நூலகத்துக்குள் இருந்தே முடிக்கக்கூடிய வேறு தலைப்பைப் பேராசிரியரிடம் கேட்கப் போகிறாய். கேட்பதற்கு முன் இந்தக் கடிதமும் இதனோடு வரும் கசெட்டும் உன் கைக்கு வந்து சேர வேண்டும் என்று கொச்சிக்கடைக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டுத்தான் எழுதத் தொடங்குகிறேன்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுவேன், பொறுத்துக்கொள். முன்னுரை இல்லாமல் கட்டுரை எழுதினால் எங்கள் தமிழ் ரீச்சர் புள்ளியைக் குறைத்துவிடுவா. அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் எப்படிப்பட்ட பிள்ளை என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். இடைவேளையில் நூலகத்தில் இருப்பேன். வாசிக்க ஒன்றும் இல்லாவிட்டால் பால்மா ரின்னில் உள்ள மூன்று மொழிகளையும் வாசிப்பேன். தாய்மொழியின் சிறப்பைப் பற்றிக் கட்டுரை எழுதி முதற்பரிசு வாங்கினேன். பரிசு ஒரு தடித்த தமிழ்ப் புத்தகம். அப்பா என்னைக் கூட்டிப்போக வந்தவர், பஸ் ஏறுவதற்கு முன்னமே அதை ஆங்கிலப் பத்திரிகைத் தாளால் சுற்றி என் கையில் தந்தார். “வீட்ட போய் வாசி, பிள்ளை. பஸ்ஸில ஒண்டும் கதைக்காத” என்றார். தமிழரை அடித்த கலவரம் நடந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. கொழும்புக் கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் தாய்மொழியின் சிறப்பை மடியில் வைத்துக்கொண்டு நானும் அப்பாவும் வாய் திறக்காமல் வந்தோம். நான் அழவில்லை. ஆனால் ஒரு மொழி வாய்க்குள்ளே இருந்துகொண்டு யாரோ கேட்கட்டும் என்று காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதை அன்று அறிந்துகொண்டேன். பிறகு நீயும் நாலு வயதில் பஸ்ஸில் உரத்த குரலில், “அம்மா, ஏன் நாங்க ரகசியமாக் கதைக்கிறம்?” என்று கேட்டாய். நான் உன் வாய்க்குள் ஒரு ரொபியைப் போட்டேன். நீ ரொபியைச் சப்பிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தபடி இருந்தாய்.

அந்தப் பார்வையைத்தான் லீனா அன்ரியின் முகத்தில் கண்டேன். நீ ஒலிப்பதிவு செய்த நாட்களில் நானும் அவ வீட்டு வாசற்படியில் இருந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி, தையல் மெஷினும் அவவும் மட்டும் இருக்கிற அந்தச் சின்ன வீட்டில், நீ ரேடியோக் கசெட்டை முக்காலியில் வைத்து, “சரி அன்ரி, படியுங்கோ” என்பாய். அவ மெஷினிலிருந்து கையை எடுத்து, தொண்டையைச் செருமிவிட்டு, மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் கதைக்கிற அந்தப் பழைய போர்த்துக்கேயத்தில் நாலு அடி படிப்பா. ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் என்றால் எல்லாரும் இங்கிலிஷ் கதைக்கிறவர்கள் என்று கொழும்பில் நினைக்கிறார்கள். லீனா அன்ரிக்கு வெளியே தமிழ், வீட்டுக்குள்ளே அந்த மொழி. நாலு அடி முடிந்ததும் நிறுத்திவிட்டு உன்னைப் பார்ப்பா. நீ அவவைப் பார்ப்பாய். கசெட் சுற்றிக்கொண்டிருக்கும். “மிச்சம் மறந்துபோச்சா அன்ரி?” என்று நீ மெல்லக் கேட்பாய். அவ சிரித்துவிட்டு, “மறுகா பாப்பம் மகள்” என்று தள்ளிப்போடுவா. பிறகு இன்னொரு பாட்டு, இன்னொரு நாலு அடி. மறந்துபோனவர்களின் முகத்தை நான் அறிவேன். அவர்கள் மேலே பார்ப்பார்கள், நெற்றியைத் தேய்ப்பார்கள். லீனா அன்ரி அப்படிச் செய்யவில்லை. கரம் விளையாட்டில் தன் முறை முடிந்து எதிரில் இருப்பவரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தா.

உன் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அவவிடம் போனேன். வாசித்துக் காட்டினேன். அவவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். சிரிப்புத்தான் வந்தது. “எனக்கா மறதி? ஒண்ட மகள் கேட்ட பாட்டெல்லாம் கலியாண வீட்டுப் பாட்டு. பொம்புளைப் பக்கம் நாலடி படிச்சா மாப்புளைப் பக்கம் நாலடி பதில் படிக்கணும். பழைய பாட்டும் படிப்பம், அந்த எடத்தில புதிசாக் கட்டியும் படிப்பம். மற்றப் பக்கத்தையும் நானே படிக்க எனக்கென்ன பைத்தியமா கா? கடதாசி விளையாட்டில ரெண்டு பேர்ட கையையும் ஒருத்தி விளையாடுறதா?” என்றா. அப்படியென்றால் அந்தப் பிள்ளையிடம் அதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். “சொல்லி என்னத்துக்கு? மாப்புளைப் பக்கம் படிக்க ஆள் இல்ல” என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோர்க்கத் தொடங்கினா. நூல் போகவில்லை. நான் வாங்கிக் கோர்த்துக் கொடுத்தேன். அப்போதுதான், “இரிக்கா ஒருத்தி. வெள்ளவத்தையில. இல்லாத மாதிரித்தான்” என்றா.

அந்த ஒருத்தி அவவுடைய மச்சாள் ஜோசி. லீனா அன்ரியின் கணவருடைய தங்கை. மட்டக்களப்பில் அவர்கள் பக்கத்துக் கலியாணங்களில் இந்த இரண்டு பேரும் எதிரும் புதிருமாக இருந்து விடிய விடியப் படிப்பார்களாம். ஜோசி அன்ரி கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்துவிட்டா. ஊரில் லீனா அன்ரியின் கணவர் இறந்தபோது தங்கை வரவில்லை. சண்டையால் பாதை பூட்டியிருந்த காலம் அது. ஆனால் பாதை பூட்டியிருந்தது என்று ஜோசி சொல்லவும் இல்லை, ஏன் வரவில்லை என்று லீனா கேட்கவும் இல்லை. பிறகு லீனா அன்ரியும் வீட்டை விட்டுக் கொழும்புக்கு வந்தா. ஒரே ஊரில், பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில், இத்தனை வருடம் ஒரு வார்த்தை இல்லை. இன்னும் ஒரு செய்தியையும் தெரிந்தவர்கள் மூலம் அவ கேள்விப்பட்டிருந்தா. ஜோசியின் மகன் மெல்பேர்னிலிருந்து தாய்க்கு விசா எடுத்துவிட்டான். வருகிற கிழமை பயணம். இதை லீனா அன்ரி மெஷினை மிதித்துக்கொண்டே சொன்னா. துணி முடிந்து போன பிறகும் மெஷின் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

மகள், உன் ஆராய்ச்சிக்காகத்தான் வெள்ளவத்தைக்குப் போனேன் என்று சொன்னால் அது முழுதும் சரியில்லை. உனக்காக வெளிக்கிட்டேன். கோட்டையில் பஸ் மாறும்போது அந்த இரண்டு பேருக்காகவும்தான் என்று தோன்றிவிட்டது. நீ விட்டுப்போன ரேடியோக் கசெட்டைச் சந்தைப் பைக்குள் வைத்து, மேலே ஒரு கட்டுக் கீரையைப் போட்டுக்கொண்டு போனேன். கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில், மூன்றாம் மாடி. ஜோசி அன்ரி கதவைத் திறந்தா. வீடு முழுக்கச் சூட்கேஸ். நான் யார் என்று சொன்னதும், “அவ அனுப்பினவவா?” என்று கேட்டா. இல்லை, என் மகள் கேட்கிறாள் என்று உள்ளதைச் சொன்னேன். “பாட்டா? எல்லாம் மறந்துபோச்சு. அந்த மொழி கதைச்சே எவ்வளவு காலம். வீட்டில பிள்ளையளோட இங்கிலிஷ்தான்” என்று சொல்லிவிட்டு, கட்டிலில் கிடந்த உடுப்புகளை மடிக்கத் தொடங்கினா. போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

நான் கீரையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, நீ விட்டுப்போன பதிவைப் போட்டேன். லீனா அன்ரியின் குரல் வந்தது. நாலு அடி. பிறகு நீ நிறுத்தாமல் ஓடவிட்ட அந்த இடைவெளி. அதற்குள் துறைமுகத்துக் கப்பல் ஊதுகிறது, மீன்காரன் “மாலு, மாலு” என்று கத்திக்கொண்டு போகிறான், ஒரு காகம். ஜோசி அன்ரி ஒரு கவுனை நெஞ்சோடு பிடித்து அதன் கையை மடித்துக்கொண்டு நின்றா. தலை நிமிரவில்லை. வாய் மட்டும் திறந்து, அதே மெட்டில், நாலு அடி பதில் படித்தது. ஆம், படித்தது என்றுதான் எழுத வருகிறது. அவவுக்கே தெரியாமல் வந்தது. முடிந்ததும் கட்டிலில் இருந்துவிட்டா. “பாத்தியா கா, இப்பவும் மூணாவது அடியில மூச்சு விடுறா. கலியாணப் பொம்புளையா இருக்கக்குள்ளயே அப்பிடித்தான். நான் எத்தின தரம் நக்கலடிச்சிரிக்கன்” என்றா. கண்ணையும் மூக்கையும் மடித்து வைத்த கவுனாலேயே துடைத்துக்கொண்டா.

நீ உன் கடிதத்தில் அந்த இடைவெளிகளைப் பிழை என்று எழுதியிருந்தாய். வேறு யாராவது என்றால் கசெட்டை மிச்சம் பிடிக்க நிறுத்தியிருப்பார்கள். அன்ரியின் மனம் நோகக் கூடாது என்று நீ பொத்தானைத் தொடாமல் இருந்தாய். நீ விட்ட இடத்துக்குள்தான் ஜோசி அன்ரி வந்து இறங்கினா. நீ சின்ன வயதிலிருந்தே கெட்டிக்காரி என்று ஊரெல்லாம் சொல்லும். எனக்கு அதைவிட இது பெரிது. உன் வாழ்க்கையில் இனி வரப்போகிற ஆட்களிடமும், நீ யாரைக் கலியாணம் முடித்தாலும் அவனிடமும், இப்படியே கொஞ்சம் இடம் விட்டுக் காத்திரு. உடனே பதில் வராவிட்டால் அந்த ஆளிடம் பதில் இல்லை என்று நினைத்துவிடாதே.

அன்று ஜோசி அன்ரி இன்னொன்றும் சொன்னா. அண்ணனின் கலியாணத்தில் கடைசிப் பாட்டைத் தான்தான் படித்ததாகவும், அதற்கு லீனா பதில் படிக்கவில்லை என்றும். “தெரியாமலில்ல. கடைசிப் பாட்டுக்குப் பதில் படிக்கப்படா. அது எங்கட குடும்பத்தில ஒரு வழக்கம். அந்தப் பதிலை வச்சிருந்து, மற்றத் தரம் வீட்டுக்கு வரக்குள்ளதான் படிக்கணும். அப்பதானே வருவாங்க” என்றா. பிறகு எழும்பி, செருப்பைத் தேடினா. “கொட்டாஞ்சேனைக்கு எத்தின மணிக்கு பஸ்?” என்று கேட்டா.

பஸ்ஸை வழியில் சோதனைக்கு மறித்தார்கள். எல்லாரையும் இறக்கினார்கள். ஜோசி அன்ரியின் அடையாள அட்டையில் பெயர் வெள்ளைக்காரர் பெயர் மாதிரி, பிறந்த இடம் மட்டக்களப்பு. சோதித்த ஆமிக்காரனுக்கு உன் வயதுதான் இருக்கும். அட்டையைப் பார்க்கிறான், அவ போட்டிருக்கிற கவுனைப் பார்க்கிறான், திரும்ப அட்டையைப் பார்க்கிறான். என் பையில் கீரைக்குக் கீழே கசெட் மெஷின். பையைக் கிளறி அதைக் கண்டான். பொத்தானை அமத்தச் சொன்னான். அமத்தினேன். லீனா அன்ரி படிக்கத் தொடங்கினா. அவனுடைய முகம் மாறியது. “மேக்க பைலா நே!” இது பைலாதானே, என்றான். மெட்டு அவனுக்குத் தெரிந்த பைலா ஆட்டப்பாட்டு மெட்டுத்தான். சொல் மட்டும் விளங்கவில்லை. இது என்ன பாஷை என்று சிங்களத்தில் கேட்டான். தமிழோ என்ற சந்தேகம் கண்ணில் இருந்தது. ஜோசி அன்ரி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “அபே கெதர பாஷாவ, புத்தா” என்றா. எங்கள் வீட்டுப் பாஷை, மகனே. அவன் பின்னால் எட்டிப் பார்த்தான். வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். பஸ்ஸில் ஏறி இருந்ததும் ஜோசி அன்ரி என் காதுக்குள், தமிழில், “ஒண்ட கீரை வாடுது கா” என்றா. நானும் தமிழில்தான், கொஞ்சம் உரத்தே, “வாடினாலும் சுண்டலாம்” என்றேன். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லா நாளும் அப்படி இருக்காது என்று எனக்குத் தெரியும்.

லீனா அன்ரி மெஷினிலேயே இருந்தா. வாசலில் நிழல் விழுந்ததும் கால் நின்றது. தலை நிமிரவில்லை. “ஆரு?” என்றா. “நான்தான் மச்சாள்” என்றா ஜோசி அன்ரி. “ஓ. கொழும்புக்குள்ள பாதையெல்லாம் தொறந்துதான் இரிக்கு போல” என்றா லீனா அன்ரி. எனக்குத் திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. ஜோசி அன்ரி முக்காலியை இழுத்து எதிரே போட்டு இருந்தா. கதைத்தால் சண்டை வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பாட்டில் சொன்னதைச் சண்டையாக வெளியே எடுத்துப்போகக் கூடாது என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும். நான் புதுக் கசெட்டைப் போட்டுப் பொத்தானை அமத்தினேன்.

முதலில் பழைய பாட்டுகள். பொம்பிளையின் சமையலில் உப்பில்லை, மாப்பிள்ளையின் மீசையில் எறும்பு, இப்படித்தான் இருக்குமாம். அதை நீ கேட்கும்போது தெரியும், அரை மணித்தியாலம் இரண்டு பேரும் போட்டி போட்டுச் சிரிக்கிறார்கள். பிறகு லீனா அன்ரியின் குரல் தாழும் ஓர் இடம் வரும். அது பழைய பாட்டல்ல. அந்த இடத்தில் கட்டினது. எனக்கு அவ பிறகு தமிழில் சொன்னா: சவப்பெட்டியை மூடப்போகிறோம், ஆற்றைப் பார்த்தேன், தோணி ஒன்றும் வரவில்லை, மாப்பிள்ளைப் பக்கத்தில் ஆள் இல்லையா? அதன் பிறகு கசெட்டில் வெறும் சத்தம்தான். கப்பல் இல்லை, காகம் இல்லை, என் மூச்சுத்தான் கேட்கும். நான் உன்னை நினைத்துக்கொண்டு பொத்தானைத் தொடாமல் இருந்தேன். பிறகு ஜோசி அன்ரி, மெட்டுத் தவறாமல்: தோணிக்காரன் துறையில் இல்லை, துறையில் துவக்குப் பிடித்தவர்கள்தான் நின்றார்கள், மூன்று நாள் கரையில் இருந்தேன், அண்ணனுக்குத் தெரியும், உனக்கு ஏன் தெரியவில்லை? பாதி வழிவரை அவ வந்திருந்தா, மகள். மறித்து அனுப்பப்பட்டிருந்தா. இத்தனை வருடம் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஏனென்றால் ஒருவரும் கேட்கவில்லை. லீனா அன்ரி அதற்குப் பதில் படிக்கவில்லை என்று நீ நினைப்பாய். மெஷின் மேசை தள்ளப்படுகிற சத்தம் கேட்கும். அதுதான் பதில். அதன் பிறகு நடந்தது கசெட்டில் இல்லை. நான் குசினிக்குப் போய், தேவைக்கும் அதிகமாகத் தேத்தண்ணி ஊற்றினேன்.

ஜோசி அன்ரி செவ்வாய்க்கிழமை மெல்பேர்னுக்குப் போய்விட்டா. போவதற்கு முன் இன்னொரு தரம் வந்தா. இரண்டு பேருமாகப் பொரியல், சொதி என்று சமைத்து எனக்கும் தந்தார்கள். புறப்படும்போது வாசற்படியில் நின்று ஜோசி அன்ரி ஒரு பாட்டுப் படித்தா. அதையும் எடுத்திருக்கிறேன். கசெட்டின் இரண்டாம் பக்கத்தின் கடைசி. பொருளை லீனா அன்ரி எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாட்டு முடிந்த பிறகு நீண்ட நேரம் ஒன்றும் வராது. ஓட்டோ ஸ்டார்ட் ஆகிற சத்தம், கோயில் மணி, பிறகு லீனா அன்ரி மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அவவுக்குப் பதில் தெரியும். கேற்றைச் சாத்தும்போது வாய்க்குள் முணுமுணுத்ததை நான் கண்டேன். ஆனால் படிக்கவில்லை.

தலைப்பை மாற்றுவதும் மாற்றாததும் உன் விருப்பம். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. சோற்றை விட்டுவிடாதே. பஸ்ஸில் ரகசியமாகக் கதைத்தது ஏன் என்று நாலு வயதில் கேட்டாயே, பயத்தினால்தான். அதை அன்றே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அங்கே பஸ்ஸில் யாராவது தமிழில் கதைத்தால் பக்கத்தில் போய் இரு.

கசெட்டைக் கேட்டு எழுதும்போது கடைசிப் பாட்டுக்குக் கீழே என்ன எழுதுவாய் என்று எனக்குத் தெரியாது. பாடகர் மறந்துவிட்டார் என்று மட்டும் எழுதாதே. இன்றைக்கும் லீனா அன்ரி முக்காலியை மெஷினுக்கு எதிரேதான் போட்டு வைத்திருக்கிறா. நான் போனால் என்னையும் அதில் இருக்க விடுவதில்லை.

அம்மா